பச்சைப் பொத்தான்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வயிறு மட்டும் கான்டீன் புண்ணியத்தில் வாரம் ஒருமுறை கலாட்டா செய்கிறது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுது.

இதையெல்லாம் போனில் இரண்டு நிமிஷத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் உன்னோடு போனில் பேசுவது சுவரோடு பேசுவது போல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, பழைய கேபிள் நிற்கப் போகிறதே, எந்த செட்டாப் பாக்ஸ் வாங்கப் போகிறாய் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் 'சாப்பிட்டாச்சுடா' என்றாய். நாலாவது தடவை கத்தினேன். 'நீயும் வேளைக்குச் சாப்பிடு' என்று வைத்துவிட்டாய். போன் ஸ்பீக்கர் போய்விட்டது, புதுசு அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாய். மெசேஜ் அனுப்பினால் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது என்கிறாய். கடைசியில் 'ஒரு கடுதாசி போடேன், உன் கையெழுத்தைப் பார்த்து நாளாச்சு' என்று அடம். சிக்னலை அலசுகிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எச்சில் தொட்டுத் தபால்தலை ஒட்டுகிறேன். கேவலமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் முப்பதோடு பழைய கேபிள் செத்துவிடும். அதற்குமேல் பாக்ஸ் இல்லாத டிவி வெறும் அலமாரி. கடைக்காரனிடம் ஏமாறுவதற்கு முன்னால் எனக்கு எழுது. இந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு நாற்பது திறக்கிறேன். திரும்பி வந்த பழசைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, புதுசு என்று அனுப்புகிறோம். போன வாரம் ஒன்றைத் திறந்தால் உள்ளே கரப்பான் குடும்பம். சூட்டில் சுகமாக முட்டை வைத்திருந்தது. எங்கள் சார் எட்டிப் பார்த்தார். 'ஊதிட்டு மூடுப்பா' என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே ஒரு நல்ல செய்தி. எங்கள் மலிவு மாடலில் ஆன் செய்ததும் பெரிய விளம்பரம் வர வேண்டுமென்று தலைமை அலுவலகத்தில் பிடிவாதம். மெமரியில் இடம் இல்லை என்று ஆறு பேர் கையை விரித்தார்கள். யாரும் தொடாத ஒரு பகுதியை நான் கண்டுபிடித்துப் பிடுங்கி எறிந்து இடம் பண்ணிக் கொடுத்தேன். சர்டிபிகேட் தந்திருக்கிறார்கள். லேமினேட் செய்து மேஜைக்கு மேலே மாட்டிவிட்டேன். போட்டோ வைத்திருக்கிறேன், பார்.

உன் டிவியின் பின்பக்கம் என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன, கையில் எவ்வளவு இருக்கிறது, இரண்டையும் எழுது. வேறு எதுவும் எழுதி வளர்க்காதே.

தம்பி


பிப்ரவரி 16

டேய் ஸ்குரூ,

உன் கடுதாசி கிடைச்சுது. வயித்துக்கு மோர் குடி. கான்டீன்ல வறுத்தது பொரிச்சதைத் தொடாதே. என் முட்டி அப்படியேதான் இருக்கு. பாட்டில் ஆலையில எட்டு மணி நேரம் விளக்குக்கு முன்னால நின்னு, ஓடுற பாட்டில்ல கீறல் பார்க்கிறவளுக்கு முட்டி வேற எப்படி இருக்கும்?

வளர்க்காதேன்னா வளர்க்கத்தான் செய்வேன். எங்க ஆலைச் சத்தம் உனக்குத் தெரியும். அங்க யாரும் யார்கிட்டயும் வாயால பேசறதில்லை. தலையில கை வெச்சா சூப்பர்வைசர் வர்றார், அவருக்கு நாங்க வெச்ச பேர் மீட்டர். மூக்கைத் தொட்டா டீ வந்தாச்சு. மத்ததெல்லாம் உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்கணும். இருபது வருஷப் பழக்கம். மீட்டர் அந்தக் கோடியில நின்னு யாரைத் திட்டறார், என்ன சொல்லித் திட்டறார்னு இங்கிருந்தே வார்த்தை வார்த்தையாச் சொல்லுவேன். பொண்ணுங்க என்னை ரேடியோன்னு கூப்பிடுறாங்க.

சர்டிபிகேட் அழகா இருக்கு. பக்கத்துல நிக்கிற மீசைதான் சகிக்கலை. மேல் உதட்டையே காணோம். போன தடவை வந்தப்பவே சொன்னேன், எடுத்துத் தொலைன்னு. நீ பேசறது பிரஷ் பேசற மாதிரி இருந்துச்சு.

டிவி அதே முதுகு பெருத்த டிவிதான். பின்னால மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு மூணு ஓட்டை. சிவப்பு உடைஞ்சது. பத்தாவது படிக்கும்போது நீ கழட்டிப் பார்த்தியே, அப்போ உடைஞ்சது. கையில ஆயிரத்து ஐநூறு இருக்கு. அதுக்கு மேல ஒரு சல்லி கிடையாது. ஆனா பாக்ஸ் கட்டாயம் வேணும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பேச்சுத்துணைக்கு எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்.

ஒரு சந்தேகம். படத்துக்கு அடியில அவங்க பேசறதை எழுத்தாப் போடுற பாக்ஸ் இருக்காமே? பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னாங்க. வேற மொழி கத்துக்கலாமாம். இந்தக் காசுக்கு அது கிடைக்குமா? சும்மாதான் கேக்கறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


பிப்ரவரி 23

அக்காவுக்கு,

மோர் குடித்தேன். சளி பிடித்தது. மற்றபடி நலம். நீயும் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு நலமாக இரு.

சிவப்பு ஓட்டை உடைந்தால் பரவாயில்லை, அது ஒரு பக்கத்துச் சத்தம்தான். மஞ்சளும் வெள்ளையும் போதும். எச்.டி. என்று சொல்லி விற்க வந்தால் அந்தப் பக்கமே போகாதே, உன் டிவியில் அது தெரியாது. அடாப்டரைக் கையில் எடுத்துப் பார்; தீப்பெட்டி கனம்கூட இல்லையென்றால் வேண்டாம். ரிமோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கு. உள்ளே கலகலத்தால் வேண்டாம். வெள்ளிக் கோடு போட்ட கறுப்புப் பெட்டி ஒன்று ஆயிரத்து நானூறுக்கு வருகிறது. உள்ளே பார்த்திருக்கிறேன், குப்பைதான், ஆனால் நாலு வருஷம் உழைக்கிற குப்பை. அதை வாங்கு. எங்கள் கம்பெனிப் பெட்டியை மட்டும் தொடாதே. ஆயிரத்து நூறு என்று ஆசை காட்டுவார்கள். கரப்பானை நினைத்துக்கொள்.

அடியில் ஓடுகிற எழுத்து. சப்டைட்டில் என்பார்கள். ஏதோ ஒரு பகுதியைப் பிடுங்கி எறிந்தேன் என்று எழுதினேனே, அது இதுதான். பத்தாயிரத்தில் ஒருவன்கூடத் தொடாத சமாச்சாரம். ரிமோட்டில் அதற்கென்று ஒரு பச்சைப் பொத்தான் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கேபிள் வழியாக அடுத்த சாப்ட்வேர் அனுப்பும்போது ஏற்கெனவே வீடுகளில் இருக்கிற பெட்டிகளிலிருந்தும் போய்விடும்.

போன மாதம் ஒரு பெரியவர் சர்வீஸ் கவுன்டருக்கு வந்தார். சோதனைக்காக எங்கள் புது சாப்ட்வேரைப் போட்டிருந்த பெட்டி ஒன்று எப்படியோ அவரிடம் போயிருக்கிறது. 'சத்தம் போனாப் போகட்டும், எழுத்து வரலையே' என்று கூடமே அதிரும்படி கத்தினார். நாங்கள் பதில் சொன்னால் 'என்ன? என்ன?' என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எங்கள் வாயையே பார்த்தார். பையன்கள் ஊமைப்பட ரசிகர் என்று பேர் வைத்துவிட்டார்கள். காது கேட்காதவருக்கு டிவி எதற்கு? ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தால் அதே படம் இலவசமாக ஓடும் என்று நான் சொன்னேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார், என்ன சொன்னோம் என்று தெரியாமலே.

உனக்கு அது தேவையில்லை. நல்ல சப்டைட்டில் வேண்டுமென்றால் இரண்டாயிரத்து இருநூறு ஆகும். மொழி கற்க வேண்டுமென்றால் புத்தகம் வாங்கு.

எதை வாங்கினாய் என்று உடனே எழுது.

தம்பி

பின்குறிப்பு: மீசையில் கை வைக்காதே. அது இருப்பதால்தான் என்னை ஆபீஸ் பையன் என்று நினைத்து டீ வாங்கி வரச் சொல்லாமல் இருக்கிறார்கள்.


மார்ச் 30

தம்பிக்கு,

சளி விட்டுதா? பதில் போட நாளாச்சு. எனக்கும் உடம்பு சரியில்லைன்னு வெச்சுக்கோயேன். இப்போ பரவாயில்லை.

நீ எழுதினதைக் குறிச்சு வெச்சுக்கிட்டேன். இன்னும் வாங்கலை.

ஆலைக்குக் காது டாக்டர் வந்திருந்தார். இத்தனை வருஷத்துல முதல் தடவை. கேக்காதவங்களை வெளியே கழுவுற இடத்துக்கு மாத்திடுவாங்களாம், பாதிச் சம்பளத்துல. எல்லாப் பொண்ணுங்களுக்கும் வெலவெலத்துப் போச்சு. தலையில ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டா கையைத் தூக்கணும்னார். அவர் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் வலது தோள் ஒரு நூல் ஏறுது. நானும் என் பின்னால நின்ன ரெண்டு பேரும் தோளைப் பார்த்துப் பார்த்துக் கை தூக்கினோம். நூத்துக்கு நூறு. 'உங்களுக்குப் பாம்புக் காதும்மா'ன்னு மீட்டர் பாராட்டினார். அவர் உதடு நல்லா அசையும், மீசை கிடையாது.

ஒண்ணு கேக்கணும். சில பாக்ஸ்ல படம் முன்னாலயும் சத்தம் பின்னாலயும் வருமாமே? அது எனக்குப் பரவாயில்லை. முகம் மட்டும் பளிச்சுன்னு தெரியணும். வேற மொழியில எடுத்துக் குரல் மாத்தின தொடரெல்லாம் விட்டுட்டேன். உதடு ஒண்ணு சொல்லுது, கதை ஒண்ணு போகுது.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

ஐந்து வாரம். ஐந்து வாரத்துக்குப் பிறகு ஒரு பக்கம். உடம்பு சரியில்லையென்றால் என்ன உடம்பு என்று எழுத மாட்டாயா? 'வெச்சுக்கோயேன்' என்றால் நான் எதை வைத்துக்கொள்வது?

அந்த டாக்டரை என் கம்பெனிக்கு அனுப்பு, சோதனை என்றால் என்னவென்று காட்டுகிறேன். தோளைப் பார்க்க முடிகிற இடத்தில் உட்கார வைத்தா காதைச் சோதிப்பான்? திரை வேண்டாம்? தனி அறை வேண்டாம்? காசுக்குக் கையெழுத்துப் போடுகிற கூட்டம். அதை ஏமாற்றியதற்கு உங்களுக்கு ஒரு சந்தோஷம் வேறு. உன் காது நன்றாக இருக்கிறது, சரி. பின்னால் நின்ற இரண்டு பேரில் ஒருத்திக்கு உண்மையிலேயே கேட்காமல் இருந்தால்? வண்டி பின்னால் வந்தால் எப்படி ஒதுங்குவாள்? எனக்கு இதைப் படித்து எரிச்சலாக வந்தது.

சத்தம் பிந்தி வந்தால் பரவாயில்லை என்று சொன்ன முதல் ஆள் உலகத்திலேயே நீதான். அதைச் சரிசெய்யத்தான் நாங்கள் எட்டுப் பேர் சம்பளம் வாங்குகிறோம். கால் நொடி தள்ளினால் ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுகிறார்கள்.

கறுப்புப் பெட்டி. வெள்ளிக் கோடு. ஆயிரத்து நானூறு. இதற்குமேல் எப்படிச் சொல்வது? போனில் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுத்துவிட்டு 'ஹலோ' கூடச் சொல்லாமல் வைத்தாய். கோபமா?

எனக்கு முதுகுவலி. உன்னுடைய உடம்பைப் பற்றி உண்மையை எழுது.

தம்பி


மே 5

டேய் ஸ்குரூ,

முதுகை நிமிர்த்தி உக்காரு, வலி போயிடும். எனக்கு ஒரு குறையும் இல்லை. முட்டிகூட இந்த வாரம் வாயை மூடிக்கிட்டு இருக்கு.

பாக்ஸ் வாங்கிட்டேன். நாலு நாளாச்சு. எதுன்னு கேக்காதே, திட்டுவே. நம்ம தெரு முனைக் கடைக்காரர் தள்ளுபடி இருக்காரே, அவர் பரண்ல தூசியோட கிடந்தது. ரிமோட்டைக் குலுக்கினேன், சத்தமே வரலை. அடாப்டர் நல்ல கனம்.

தம்பி, எவ்வளவு பேசறாங்கடா இவங்க. அந்த வக்கீல் தொடர்ல மாமியார் நல்லவள்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். சிரிச்ச முகமாவே வருவா. என்ன வாய் தெரியுமா அவளுக்கு? மருமகள் முதுகைத் திருப்பினதும் முணுமுணுக்கிறாளே, அதெல்லாம் இப்போதான் எனக்குத் தெரியுது. நேத்துக் கதவு பக்கம் யாரோ வர்றாங்கன்னு காலடிச் சத்தத்தையே சொல்லிடுச்சு. மழை பெய்யுதுன்னா மழைச் சத்தம்னு வருது. ஒரு காட்சியில யாருமே பேசலை, 'தூரத்தில் யாரோ சிரிக்கிறார்கள்'னு வந்துச்சு. எழுந்து போய் நம்ம வாசலைப் பார்த்துட்டு வந்தேன்னா பாரேன்.

ஆலையில கதை சொல்லச் சொல்லி ஒரே கூட்டம். ரேடியோ திரும்பப் பாட ஆரம்பிச்சிடுச்சுங்கறாங்க.

மீசை இன்னும் இருக்கா?

அக்கா


மே 13

அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. நீ சந்தோஷமாக எழுதியதைப் பார்த்து எனக்கும் பாதி எரிச்சல் குறைந்தது. காலடிச் சத்தத்தைப் 'பெட்டி சொல்லியது' என்று நீ எழுதியிருப்பதுதான் புரியவில்லை. எழுதும்போது தூங்கிவிழுந்தாயா? பரண் தூசியில் கிடந்த சரக்கை வாங்கியிருக்கிறாய். நான் எதற்கு இரண்டு பக்கம் எழுதினேன்? கம்பெனிப் பேரை எழுது. திட்டத்தான் போகிறேன், அதனால் என்ன?

இங்கே திருவிழாக் கூட்டம் மாதிரி வேலை. பத்தாம் தேதி காலை எங்கள் புது சாப்ட்வேர் கேபிள் வழியாகவே நாலு லட்சம் வீட்டுப் பெட்டிகளுக்குள் போய் உட்கார்ந்தது. யார் கதவையும் தட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. காலையில் டிவியைப் போட்டவன் முகத்தில் சோப்பு விளம்பரம். அருவருப்பான விளம்பரம், நுரையோடு ஒரு பெண் பல்லைக் காட்டுகிறாள், பதினைந்து நொடிக்கு அவளை விலக்கவே முடியாது. ஆனால் ஒரு பெட்டிகூட உறைந்து நிற்கவில்லை. அது என் வேலை.

புகார் வரத்தான் செய்கிறது. டீ நேரத்தில் எங்கள் டமாரம், வெண்கலத் தொண்டைக்காரன், ஸ்லிப்புகளைப் பிரித்து நாடகம் மாதிரி படிப்பான். வாரத்தின் சிறந்த ஸ்லிப்பைப் பலகையில் குத்திவைப்போம். 'டிவிக்குள் எறும்பு போகிறது, எறும்பையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்' என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தாள். உன் பெட்டியில் எதாவது கோளாறு என்றால் கடையில் கொடுத்து ஸ்லிப்பில் தெளிவாக எழுது. 'வேலை செய்யவில்லை' என்று மொட்டையாக எழுதாதே. எந்தப் பொத்தான், என்றைக்கு, என்ன ஆனது என்று எழுது.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

நீ சௌக்கியம்தானே. நான் இருக்கேன்.

பாக்ஸைத் தள்ளுபடி கடையில திருப்பிக் குடுத்துட்டேன். ஒரு பொத்தான் வேலை செய்யலை. என்ன கோளாறும்மான்னு நாலு பேருக்கு முன்னால திரும்பத் திரும்பக் கேட்டார். எழுதியே தர்றேன்னு ஸ்லிப்பை வாங்கினேன். நீ சொன்ன மாதிரி தெளிவா எழுதியிருக்கேன்.

கம்பெனிக்குப் போய் வர ஒரு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்துவெச்சு உக்கார்ந்திருக்கேன். இலவசம்தானே.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்டு ஆரம்பிக்கிற தைரியம் இன்றைக்கு எனக்கு இல்லை.

வியாழக்கிழமை டீ நேரம். டமாரம் ஒரு ஸ்லிப்பைப் பிரித்தான். இருமினான். படித்தான். 'ஒன்பது நாள் எழுத்து வந்தது. பத்தாம் நாள் சோப்பு விளம்பரம் வந்தது, எழுத்து போய்விட்டது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை, அது எனக்கு ஒன்றுதான். எழுத்தை மட்டும் திருப்பித் தரவும்.' ஊமைப்பட ரசிகருக்குப் பெண்டாட்டி கிடைத்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேன். மறைக்காமல் எழுதுகிறேன்: மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். பலகையில் குத்துவதற்கு ஸ்லிப்பை வாங்கியவனும் நான்தான்.

'ழு'வுக்குக் கீழே தூண்டில் மாதிரி ஒரு வளைவு. எனக்கு அந்த எழுத்தைக் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தது யார்? நானும் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன், பார்.

குண்டூசி கையில் இருந்தது. டமாரம் தோளைத் தட்டினான். அவன் வாய் அசைந்தது, என்ன சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை.

அறைக்கு வந்து உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகப் படித்தேன். முதலில் போன், பிறகு டவர், பிறகு உன் கோபம். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். எங்கே சிக்னல் போகிறதென்று கண்டுபிடிப்பதுதான் எனக்குப் படிப்பு, அதற்குத்தான் சம்பளம். தோளைப் பார்த்துக் கை தூக்கினேன் என்று நீயே எழுதுகிறாய். உன் காது நன்றாக இருக்கிறது, சரி என்று பதில் எழுதுகிறேன். என்னைப் போன்ற ஒரு முட்டாளுக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தது? அதைக் கிழிக்கப் போனேன். லேமினேட் செய்திருப்பதால் கிழியவில்லை. வளைந்துகொண்டு பல்லிளித்தது. குப்பைக்கூடையில் சொருகியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஸ்லிப் மூட்டையை அலசினேன். தேவையற்ற புகார் என்று எழுதிய மூட்டை. அந்தப் பேரும் நான் வைத்ததுதான். பத்தாம் தேதிக்குப் பிறகு எழுத்து எங்கே என்று கேட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அடுக்கிக் கட்டி சார் மேஜையில் வைத்தேன். 'நாலு லட்சத்துல இருநூறு ஒரு நம்பரா?' என்றார். 'சோப்புக்காரனோட ரெண்டு வருஷ ஒப்பந்தம், தெரியுமில்ல?' என்றார். அவர் மேஜையில் பாதி தின்ற பிஸ்கட் ஈரமாகக் கிடந்தது. தலைமை அலுவலகத்துக்கே எழுதியிருக்கிறேன். என்னை ஸ்லிப் பிரிக்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். நல்லது. இனிமேல் யாரும் அதைச் சத்தம்போட்டுப் படிக்க முடியாது.

உன் பெட்டி என்னிடம் இருக்கிறது. சோப்புக்காரியை விரட்டிவிட்டு எழுத்தை மறுபடி உள்ளே வைத்துவிட்டேன். மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தேன், வருகிறது. எங்கள் ஆட்கள் கேபிள் வழியாக அதைத் தொட முடியாதபடி பூட்டியும்விட்டேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறேன்.

பெரியவர் கவுன்டரில் நின்றபோது நான் சொன்னதை நீ படித்திருக்கிறாய்.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

முதல்ல வேளைக்குச் சாப்பிடு. போன்ல நீ என்ன கேட்டாலும் சாப்பிட்டியான்னுதான் கேக்கறேன்னு நினைச்சுக்குவேன். நூத்துக்கு எண்பது தடவை சரியா இருக்கும்.

இடது காது போய் மூணு வருஷம். வலது போன வருஷம் மழைக்காலத்துல. சட்டுனு இல்லை, ரேடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருகிக் குறைக்கிற மாதிரி. ஆலைக்குள்ள யாருக்கும் தெரியாது. அங்க எல்லாரும் செவிடுதான், வெளியே வந்தா அவங்களுக்குத் திரும்பி வந்துடும், எனக்கு வரலை, அவ்வளவுதான் வித்தியாசம். ஓய்வு வர இன்னும் ஏழு வருஷம் இருக்கு. கழுவுற இடத்துக்கு நான் போக மாட்டேன். நீ இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

நீ சிரிச்சதால மறைச்சேன்னு நினைச்சு உருகாதே. மறைச்சது அதுக்கு முன்னாலயே. சொல்லிடலாம்னு ஒரு நாள் பேனாவை எடுத்தேன். அன்னிக்குன்னு பார்த்து அந்தப் பெரியவரைப் பத்தி நீ எழுதின கடுதாசி வந்துச்சு. மூடி வெச்சுட்டேன். அவரும் சேர்ந்து சிரிச்சார்னு எழுதியிருந்தியே, அதை மட்டும் நாலஞ்சு தடவை படிச்சேன். நானும் கடையில அப்படித்தான் சிரிப்பேன்.

உன் கம்பெனிப் பெட்டின்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். அட்டையில எழுத்து வரும்னு போட்டிருந்துச்சு. நீ பிடுங்கறதுக்கு முன்னால செஞ்சதா இருக்கும்னு நினைச்சேன். சரியாத்தான் நினைச்சேன், ஒன்பது நாள் வரைக்கும்.

ஸ்லிப் உன் கைக்கு வரும்னு தெரிஞ்சு எழுதினேனான்னு கேக்காதே.

பாக்ஸைத் தபால்ல அனுப்பாதே, உடைச்சுடுவாங்க.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

சாப்பிட்டேன். நிஜமாகவே.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன், பெட்டியோடு. ஆலையில் சொல்ல மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை ஒரு காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். திரை இருக்கிறதா, தனி அறை இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டேன்; இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை என்று அங்கிருந்த நர்ஸ் கடுப்பானார். டாக்டர் தோளைப் பார்த்து நீ கை தூக்கினால் நானே காட்டிக்கொடுப்பேன். சண்டை போடுவதென்றால் வந்தபிறகு போடு.

ஸ்டேஷனிலிருந்து போன் செய்ய மாட்டேன். கதவைத் தட்டவும் மாட்டேன். ஜன்னலைத் திறந்துவை, அங்கே வந்து நிற்கிறேன்.

இன்னொரு விஷயம். நேற்று சவரக் கடைக்குப் போனேன். கண்ணாடியில் பார்த்தால் தோலுரித்த கோழி மாதிரி இருக்கிறது, சகிக்கவில்லை. இன்றைக்கே இரண்டு பேர் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். மேல் உதடு முழுசாகத் தெரிகிறது.

தம்பி